ஸ்டூலில் உட்கார்ந்து நடந்த தூரம்

அளவுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதுக்கும் மாலை ஏழுக்கும் இடையில், தன் தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பதினோராயிரத்து நானூற்றிரண்டு காலடி நடந்தார். அன்று அவர் தைத்து முடித்தது நான்கு பேன்ட், ஒரு கோட்டுக்கு வலது கை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கக் குழாயில் கை கழுவப் போய்வந்ததை வேண்டுமானால் பதினெட்டுக் காலடி என்று கழித்துக்கொள்ளலாம். மிச்சம் பதினோராயிரத்து முந்நூற்று எண்பத்துநான்கு காலடியை மனிதர் எங்கே நடந்தார் என்பதுதான் அன்று மாலை கடையில் எழுந்த கேள்வி. எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, பத்து மணி நேரமும் அவர் கண்ணெதிரேதான் இருந்தார் என்பதற்குச் சாட்சி. ஆனால் சாட்சிக்கும் வாட்சுக்கும் ஒத்துப்போகவில்லை.

காலடி எண்ணும் அந்த வாட்ச் அவர் கேட்டு வாங்கியதில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், அப்பா இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சர்க்கரையை வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்று அம்மா சொல்லக் கேட்டு, இனிமேலாவது நடக்கட்டும் என்று அனுப்பிவைத்தது. அவர் அதைக் கட்டிக்கொண்டாரே தவிர நடக்கவெல்லாம் இல்லை. பக்கத்துக் கடை செல்போன்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் வாட்சை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்க மெஷினை மிதிக்கிறீங்கள்ல அண்ணே, அதை நடைன்னு நினைச்சுக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் கட்டிய வாட்சுக்குக் கால் மிதிப்பது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர் சொன்னால் சொன்னதுதான். அந்த வாரமே மிதிக்கிற மெஷினுக்கு மோட்டார் வைத்தாயிற்று. அதன்பின் பாதத்தைச் சும்மா வைத்து லேசாக அழுத்தினால் போதும். மறுநாள் வாட்ச் பன்னிரண்டாயிரத்து அறுநூறு காட்டியது. மனைவி ஒரு நாள் கட்டிக்கொண்டு, சமையலறைக்கும் கடைக்கும் போய்வருவதை வாயால் எண்ணிப் பார்த்தார்; ஒரு காலடிகூடப் பிசகவில்லை. ஒரு நாள் வெந்நீர் பிளாஸ்க்கில் கட்டிவைத்தார்கள். பூஜ்யம். ஆக வாட்ச் ஒழுங்காகத்தான் இருந்தது, பிளாஸ்க்கும் ஒழுங்காகத்தான் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கழற்றி அலமாரியில் எறிந்திருப்பார்கள். அளவுக்காரரால் முடியவில்லை. காரணம், அவர் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால். அந்த முயலின் பெயர் டேப். மனிதர் சொல்வதை நம்புவதில்லை, டேப் சொல்வதைத் தட்டுவதில்லை. எனக்கு இடுப்பு முப்பத்துநாலுதான் என்று சாதிக்கிறவரிடம், முப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு, டேப்புக்கு உங்கள் மேல் என்ன கோபம் என்று கேட்பார். அதுவும் சத்தமாகக் கேட்பார். அளவு எடுக்கிறவர் உரக்கச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் நோட்டில் எழுத வேண்டும்; அந்தக் கடையின் முறை அது. புருஷன் கூவ, பெண்டாட்டி எழுத, தெருவிலிருக்கும் எல்லோருடைய இடுப்பும் தெருவிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரிடம் ஒரு கருவி வந்து, நீ நடந்தாய் என்று இலக்கத்தோடு சொன்னால், அவர் என்ன செய்வார் பாவம். டேப் சரியென்றால் வாட்சும் சரிதான் என்று மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மனைவிக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம், அதை மறைக்கவும் இல்லை.

அளவைக் கூவும் அந்த வாய்தான் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அளவுக்காரருடைய ஒரே தங்கையைத் தொலைத்தது. தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கோட்டு இவர்தான் தைத்தார், உயிரைக் கொடுத்துத் தைத்தார். வரவேற்புக்கு நின்றபோது ஒரு பக்கத்துக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. கழுத்தில் எப்போதும் கிடக்கும் டேப்பை எடுத்து, முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில், பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்து உரக்கக் கூவினார்: மாப்பிள்ளைக்கு இடது கை ஒன்றேகால் அங்குலம் நீளம். மனைவி பாவம், நோட்டு இல்லாமல் முழித்தார். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, இதுவரைக்கும் இந்த வீட்டில் யாரும் இப்படிச் சொன்னதில்லையே என்றாள். மாப்பிள்ளை அதன்பின் எல்லா போட்டோவிலும் இடது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் நின்றார். தங்கை அண்ணன் பக்கத்தில் வந்து, டேப் தப்பாகக் காட்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கெஞ்சினாள். அளவுக்காரர் டேப் தப்பாகக் காட்டாது என்றார். சொன்னதோடு நின்றாரா, எல்லோருக்கும் தெரியட்டும் என்று மறுபடியும் அளந்து காட்டினார். தங்கை புருஷனோடு இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் ஊருக்குப் போனவள்தான். அவளே முதலில் பேசட்டும் என்று இவரும், அவனே முதலில் வரட்டும் என்று அவளும். இவரைக் கேட்டால் எனக்குக் கோபமெல்லாம் இல்லை என்பார். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், அவள் பிறந்த நாளன்று, எந்த வேலையும் ஓடாமல் ஒரே பேன்ட்டை மூன்று தடவை பிரித்துத் தைப்பார்.

நடை விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது மாதம் அவர் செருப்பின் குதிகால் தேய்ந்து தட்டையானது. கடைக்கு வெளியே கழற்றி வைத்த செருப்பு அது, யாரும் போட்டுக்கொண்டு போகவில்லை. மாலையில் பேன்ட்டின் கீழ் மடிப்பை உதறினால் செம்மண் கொட்டியது. சில நாள் முள்ளும் சரளைக் கல்லும். கடைக்குள் வெயில் வராது, ஆனாலும் பின்கழுத்து கறுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கும் டாக்டரம்மா சர்க்கரை இறங்கியிருப்பதைக் கண்டு, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்து, தபால்காரர் கால் மாதிரி இருக்கிறதே, எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டார். கடையில்தான் என்றார் இவர். டாக்டரம்மா அதையே சீட்டில் எழுதினார்: கடையில் நடப்பதைத் தொடரவும்.

எங்கே நடக்கிறார் என்பதைக் கண்டுபிடித்ததும் செல்போன்காரர்தான். வாட்ச் போன வழியைப் போனில் வரைபடமாகப் பார்க்கலாம் என்று காட்டினார். கடையிலிருந்து ஒரு நீலக் கோடு கிளம்பி, பேருந்து நிலையத்தைச் சுற்றி, பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறி, நானூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போய், ஒரு பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் புள்ளியாக நின்றது. காலையில் இவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் புள்ளி நகரத் தொடங்கும். மாலையில் எழுந்ததும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அதற்கும் லீவு. மனைவி வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, “இது உங்க தங்கச்சி ஊருக்குப் போற ரோடு” என்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். வருஷத்துக்கு இரண்டு தரம் அவளோடு போனில் பேசுகிறவளுக்குத் தெரியாதா என்றார் மனைவி. பத்தொன்பது வருஷமாக நடந்துவந்த அந்தப் பேச்சு, அளவுக்காரரைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஊசியில் நூல் கோத்தார். கோத்த நூல் நிற்காமல் நான்கு தடவை நழுவியது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, ஆனால் இந்தத் தடவை ஊர் வாய் நல்லபடியாகத்தான் பேசியது. சொந்த மாமியார் சொன்ன வழியில் திரும்பாதவர்கள்கூட, போனுக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி வலதுபக்கம் திரும்பு என்றால் திரும்புகிற காலம். அந்தப் பழக்கத்தில் தெரு இதையும் ஏற்றுக்கொண்டது. தெருக்கோடி லாரி டிரைவர், நானூற்று அறுபதாவது கிலோமீட்டர் கல் பக்கத்தில் அளவுக்காரரைப் பார்த்ததாகச் சொன்னார். டேப் கழுத்தில் தொங்க, நிழலோரமாகப் போய்க்கொண்டிருந்தாராம். ஏறிக்கொள்ளுங்கள் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாராம், பதில் பேசவில்லையாம். லாரி டிரைவர் இதைச் சொல்லிவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த சட்டையை அளவுக்காரரிடமே வாங்கிக்கொண்டு போனார். மருந்துக்கடைக்காரர் தினம் காலையில் வந்து, இன்று எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார். ஆற்றைக் கடந்த அன்று முழங்கால் வரை நனைந்த பேன்ட்டைக் கடைக்குள் காயப்போட்டார்கள். மலைப்பாதை வந்த மூன்று வாரமும் மனைவி அவர் மேல் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, வழக்கமாக ஊற்றும் டீயை இரண்டு பங்காக ஊற்றிக் கொடுத்தார்.

ஒன்பதாவது மாதம் முடிகிறபோது இன்னும் அறுபது கிலோமீட்டர்தான் பாக்கி. தெருவே குதூகலமாக இருந்தது. அளவுக்காரருக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வாட்சைக் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டினார். மாலையில் கால் கொப்பளித்திருந்தது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் போவதற்குப் பதில் தெரிந்தே போய்த் தொலையுங்கள் என்று மனைவி வாட்சை எடுத்து மறுபடியும் கட்டிவிட்டார். அடுத்த நாள் அவர் ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, மெஷினைப் பலகை போட்டு உயர்த்தி, நின்றபடி தைக்க ஆரம்பித்தார். புள்ளி நகரவில்லை. ஒன்பது நாள் அப்படியே தைத்தார். இடுப்பு விண்டுபோனது, தையல் கோணியது, தன் ஆயுளில் முதல் தடவையாக ஒரு பேன்ட்டுக்கு இரண்டு கால்களையும் ஒரே பக்கத்துக்கு வெட்டினார். ஒன்பதாம் நாள் லாரி டிரைவர் வழியிலிருந்து போன் செய்து, அண்ணன் ரோட்டோரமாக மழையில் மைல் கல் மாதிரி நின்றுகொண்டிருக்கிறார், வண்டியெல்லாம் அவர் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போகிறது, பார்க்கவே வயிறு எரிகிறது என்றார்.

மனைவி போனை வைத்துவிட்டு, ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றார். “என்னங்க பயம் உங்களுக்கு?”

அவர் கத்தரியைத் துடைத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்துத் துடைத்தார். பிறகு தலை நிமிராமலே, “அவ கதவைத் திறக்கலேன்னா?” என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவர் லேசுப்பட்டவர் இல்லை. “ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் நடந்து வந்தவனுக்குக் கதவைத் திறக்காதவ எவ இருக்கா? அப்படியே திறக்கலேன்னாலும், போய் நின்னோம்னு ஆகுமில்ல. இந்த வீம்பை இங்கயே வச்சுட்டுப் போங்க, நான் பத்திரமா பாத்துக்கறேன்” என்று சொல்லி, மேஜைக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் கொஞ்ச நேரம் ஸ்டூலையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

எட்டாம் நாள், ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு வாட்ச் இரண்டு தரம் அதிர்ந்து நின்றது. புள்ளி ஒரு குறுக்குத் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துதான் இருந்தார், ஆனாலும் புள்ளி மேற்கொண்டு அசையவில்லை. செல்போன்காரரும் மருந்துக்கடைக்காரரும் அவரவர் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஐந்து நிமிஷம் கழித்து மனைவியின் போன் அடித்தது. தங்கைதான். அண்ணி, அண்ணன் வந்திருக்கான், வாசல்லயே நிக்கிறான், வா வான்னு கூப்பிட்டுப் பாத்துட்டேன், உள்ளயும் வரமாட்டேங்கிறான், வாயும் திறக்கமாட்டேங்கிறான், என் மேல இன்னும் கோபமா என்று ஒரே மூச்சில் கேட்டாள். மனைவி எதிரே இருந்த மனிதரைப் பார்த்தார். விஷயம் மனைவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கால் அங்கே போயிருக்கிறது, வாய் இங்கே இருக்கிறது. லாரி டிரைவரிடம் பதில் பேசாததும் அதனால்தான். “வாய் என்கிட்டதாம்மா இருக்கு, குடுக்கறேன், இரு” என்று சொல்லிப் போனை அவர் காதில் வைத்து அழுத்தினார்.

அளவுக்காரர் வாயைத் திறந்தார். பழக்கம் விடுமா, முதலில் வந்தது இலக்கம்தான். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து இரண்டு கிலோமீட்டர் என்றார். அந்தப் பக்கம் சத்தமில்லை. இருபத்தாறு லட்சத்துச் சொச்சம் காலடி என்றார். அதற்கும் சத்தமில்லை. மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். அளவுக்காரருக்கு வேறு இலக்கம் எதுவும் கைவசம் இல்லை. பிறகு, முந்நூறு பேருக்குக் கேட்கக் கூவிய அந்தக் குரல், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கி, “கால் வலிக்குதும்மா” என்றது.

“வலிக்காம என்ன செய்யும்?” என்றாள் தங்கை. அழுதுகொண்டே சொன்னாள், அதட்டலாகவும் சொன்னாள். “உள்ள வந்து உக்காரு முதல்ல.”

ஸ்டூலில் இருந்தவரின் வலது பாதம் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து இறங்கியது, அடுத்து இடது பாதம். வாட்சில் ஒன்பது காலடி கூடியது. பிறகு அவர் தோள் இரண்டும் தளர்ந்து, முதுகு பின்னால் சாய்ந்தது. ஸ்டூலுக்குச் சாய்மானம் கிடையாது. இருந்தாலும் சாய்ந்தார், விழவில்லை. பத்து மாதமாக உட்கார்ந்தே இருந்த மனிதர் அன்றைக்குத்தான் உட்கார்ந்தார் என்று மனைவி பின்னால் பலரிடம் சொன்னார். மதியம் அவருக்குப் பசிக்கவில்லை. தங்கை போன் செய்து, அண்ணன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான், நான் சர்க்கரைக்குப் பயந்து இனிப்பு வைக்கவில்லை, என் வீட்டுக்காரரும் அவனும் இப்போது சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். மாப்பிள்ளை ஏமாற்றி ஆடுகிறார் என்று அளவுக்காரர் இங்கிருந்தபடியே முறையிட்டார். கல்யாணப் பேச்சை அன்றும் யாரும் எடுக்கவில்லை, பிறகும் யாரும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் தைத்த பேன்ட்டின் தையல் கோடு போட்ட மாதிரி இருந்தது என்று வாங்கிப்போனவர் சொல்கிறார்.

தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்தார். திரும்பிப் போக இன்னொரு பத்து மாதமா என்று தங்கை ரயிலில் டிக்கெட் எடுத்து ஏற்றிவிட்டாள். ஜன்னலோர சீட். பாதி வழியில் வாட்ச், நீங்கள் வாகனத்தில் இருக்கிறீர்களா என்று கேட்க, கடை ஸ்டூலில் இருந்த அவர் காஜா வைத்த சட்டைக்குப் பட்டனைத் தேடியபடியே ஆம் என்று அழுத்தினார். ரயிலில் பரிசோதகர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், வேறொன்றும் கேட்கவில்லை. ரயில் வந்த அன்று மனைவி நிலையத்துக்குப் போய், யாரும் இறங்காத கதவருகே கொஞ்ச நேரம் நின்று, தங்கை கொடுத்தனுப்பிய பையை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. வாட்ச் இரண்டு தரம் மாறிவிட்டது. புதிது எது வந்தாலும் அது சொல்வதை அவர் கேட்கிறார், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு மாதம் அளவுக்காரர் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். அந்த இரண்டு மாதமும் கடை வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறக்கிறது, கொடுத்த துணி சொன்ன தேதியில் கிடைக்கிறது. அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் சில சமயம் டேப்பைப் பிடித்தபடி நின்றுவிடுவார், பிறகு காரணமில்லாமல் சிரிப்பார். அங்கே ஏதோ பேச்சு நடக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். அவசரமில்லை, முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் இரண்டு கையையும் தூக்கியபடியே காத்து நிற்கிறார்கள்.